கேன் என்ற சொல்லில் ஏன் எஸ் ஒட்டுவதில்லை?

ஆங்கிலம் படித்த எல்லோரும் ஒரு முறையாவது இதில் இடறியிருப்போம். ‘ஹீ சிங்ஸ்’ சரி. ‘ஹீ கேன் சிங்ஸ்’ தப்பு. ‘ஹீ கேன்ஸ் சிங்’ அதைவிடப் பெரிய தப்பு. ‘ஹீ கேன் டு சிங்’ என்று எழுதினாலும் சிவப்பு மைதான். ஏன் என்று கேட்டால், ‘ரூல் அப்படி’ என்று பதில் வரும்.

அந்த ரூலுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட காரணம் ஒன்று உண்டு. கேன், மே, ஷேல், மஸ்ட் ஆகியவை பழைய இறந்தகால அச்சில் வார்க்கப்பட்டு, பின்னாளில் நிகழ்காலப் பொருள் கொண்டவை. விநோதமாகத் தோன்றும். ஆனால் யாராவது வழி சொன்னால் நாமும் ‘சரி, புரிந்தது’ என்கிறோமே? சொல் இறந்தகாலம், புரிந்த நிலை இப்போது இருப்பது. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் சில வினைகள் இப்படியே உறைந்துவிட்டன. கேன் முதலில் அறிதலைக் குறித்தது. தெரிந்தால் செய்ய முடியும் என்று பொருள் மெல்ல நகர்ந்தது. ஷேல் கடன்பட்டிருப்பதைச் சொன்ன சொல். ஜெர்மனில் கடனையும் குற்றத்தையும் குறிக்கும் ‘ஷுல்ட்’ அதற்குச் சொந்தம். மே என்றால் வலிமை உண்டு என்று அர்த்தம்.

இறந்தகாலத்தில் ஆங்கிலம் எஸ் ஒட்டாது. ‘அவன் பாடினான்’ என்பது ‘ஹீ சாங்’ மட்டுமே. ‘ஹீ கேன்’ அதே அச்சு. வில் வேறு வீட்டுப் பிள்ளை. ஆனாலும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து இதே பழக்கத்துக்கு வந்துவிட்டது.

சரி, டு எங்கே போனது? போகவில்லை, அங்கே அது வரவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘பாட’ என்பதற்கு ‘சிங்கன்’. நம் ‘பாட’வின் கடைசி அகரம் போல, சொல்லின் வாலே இது இன்ஃபினிடிவ், அதாவது ‘பாட’, ‘வர’ போன்ற வடிவம், என்று காட்டிவிடும். நூற்றாண்டுகள் போகப் போக அந்த வால் தேய்ந்து உதிர்ந்தது. மொட்டையாக நின்ற வினைக்கு அடையாளமாக டு பரவியது. மோடல் வினைகளோ, அதாவது கேன், மே, வில் போன்ற இந்தத் துணைவினைகளோ, வால் இருந்த காலத்திலேயே டு இல்லாத வினையோடு பழகியவை, பழக்கத்தை விடவில்லை. ‘ஆட் டு’ (ought to) மட்டும் விலக்கு. அது கடன்படுவதைக் குறித்த ‘ஓ’ (owe) என்ற வினையின் இறந்தகாலமாக இருந்து, தாமதமாக இந்தக் கூட்டத்துக்கு வந்தது.

மோடல்களுக்கு இன்னொரு குறை: அவற்றுக்கே இன்ஃபினிடிவ் கிடையாது. அதனால் ஒன்றன் பின் இன்னொன்று நிற்க முடியாது. ‘நாளை அவளால் வர முடியும்’ என்பதற்கு ‘வில் கேன்’ என்று சொல்ல வழியில்லை. அப்போது ‘ஏபிள்’ என்ற பெயரடையைக் கூப்பிடுகிறார்கள்: ‘வில் பி ஏபிள் டு கம்’. மோடலுக்குப் பின் டு இல்லாத ‘பி’, அதன் பின் பெயரடை, பெயரடைக்குப் பின் டு போட்ட வினை. மூன்றும் ஒரே வரியில். ஸ்காட்லாந்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் சிலர் ‘மைட் குட்’ (might could) என்று இரண்டு மோடல்களை ஜோடியாகவே பேசுவார்கள். பரீட்சையில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அந்த ‘பி’ ஏன் வேண்டும்? மோடல் வினையைத்தான் தேடும். பெயரடை வினை இல்லை. ‘ஷீ மஸ்ட் டயர்ட்’ என்று எழுதும் மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ‘அவர் நல்லவர்’ என்று வினையே இல்லாமல் வாக்கியம் முடிக்கும் மொழி நம்முடையது. ஆனால் ‘வேண்டும்’ வந்துவிட்டால் நாமும் ‘அவர் நல்லவராக இருக்க வேண்டும்’ என்று ‘இரு’வைத் துணைக்கு அழைக்கிறோம். அந்த ‘இருக்க’தான் ‘பி’.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பெயரடையை மாற்றினால் மோடலின் பொருளே மாறுவது. ‘யூ மஸ்ட் பி கேர்ஃபுல்’ என்றால் கட்டளை. ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்றால் ஊகம். கவனமாக இருப்பது நம் கையில் இருக்கிறது, அதனால் கட்டளையிடலாம். களைப்பாக இரு என்று யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. தமிழிலும் இதே கதை. ‘நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்’ அறிவுரை. ‘நீங்கள் களைப்பாக இருக்க வேண்டும்’ என்றால், முகத்தைப் பார்த்துச் சொல்வது.

எதிர்மறையில் இரண்டும் பிரிந்துவிடும். கட்டளைக்கு ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நாட்’, நமக்குக் ‘கூடாது’. ஊகத்துக்குப் பெரும்பாலும் ‘கான்ட்’: இப்போதுதான் தூங்கி எழுந்தவரிடம் ‘யூ கான்ட் பி டயர்ட்’ என்பார்கள். நாமும் அங்கே ‘வேண்டும்’ என்பதை விட்டு ‘முடியாது’வுக்குத் தாவி, ‘களைப்பாக இருக்க முடியாதே’ என்போம்.