ஸ்டிக்மா: இழிமுத்திரை

எச்.ஐ.வி. பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'ஸ்டிக்மா'. கூரான கருவியால் குத்துவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. பண்டைக் கிரேக்கத்தில் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் உடம்பில் அழியாதபடி பச்சை குத்துவார்கள். அந்தக் குறிதான் ஸ்டிக்மா. நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத அவமானத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1963-இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் இதே தலைப்பில் எழுதிய நூலுக்குப் பிறகு கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1987-இல் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய ஜொனதன் மான் (உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் திட்டத் தலைவர்), எச்.ஐ.வி. தொற்று, எய்ட்ஸ் இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது கொள்ளைநோய் என்று சொன்னது, இந்த ஸ்டிக்மா உள்ளிட்ட சமூகத்தின் எதிர்வினையைத்தான்.

தமிழில் பலரும் 'களங்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. களங்கம் என்றால் கறை. குறை அந்த மனிதரிடமே இருக்கிறது என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. 'இழிமுத்திரை' என்பதே பொருத்தம். முத்திரை தானாக விழாது, குத்துவதற்கு ஒரு கை வேண்டும். 'முத்திரை குத்திட்டாங்க' என்று பேச்சிலும் சொல்கிறோமே!

ஏழைச் சிற்றூர்களில் இந்த முத்திரை ஆழமாகப் பதிவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. அங்கே கைமாற்றுக் கடன், கூலி வேலை, பிள்ளைகளின் கல்யாணம் எல்லாமே பெயரை நம்பித்தான் நடக்கின்றன. பெயர் கெட்டால் பிழைப்பே போய்விடும். அதனால்தான் பக்கத்திலேயே மருத்துவமனை இருந்தாலும் தெரிந்தவர் கண்ணில் படாத தூரத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள். புட்டியின் லேபிளைச் சுரண்டிவிட்டு மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி வைக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாத மாதம் மருந்து நின்றுபோகிறது. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகக்கூடத் தொற்றாது. கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் எந்த நிலையிலும் தொற்றாது. இது தெரிந்த வீட்டிலும் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள் என்றால், அங்கே இருப்பது தொற்று பயம் அல்ல, 'நடத்தை சரியில்லாதவர்' என்ற தீர்ப்பு. கணவரிடமிருந்து தொற்றிய மனைவிமீதும் அந்தத் தீர்ப்பே விழுகிறது.

'பாகுபாடு' வேறு சொல். முத்திரை மனத்தில் குத்தப்படுவது. வேலை தர மறுப்பதும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் பாகுபாடு. ஊர் சொல்வதை நம்பித் தன்னைத் தானே தாழ்வாக நினைப்பதைத் 'தன்னிழிவு' எனலாம். பரிசோதனைக்கே போகாமல் பலரைத் தடுப்பதில் இதற்கும் பங்குண்டு.