ரிவர்ஸ் ப்ராக்ஸி – வாயிற்பதிலி

ஒரே ஐபி முகவரியில் இரண்டு தளங்கள். முன்னால் 443ஆம் போர்ட்டில் நிற்பது ஓர் அப்பாச்சி வலை வழங்கி. பின்னால் 8080இல் கடைத்தளத்துக்கு ஒரு டாம்கேட் (ஜாவா செயலிகளை இயக்கும் வழங்கி), 8081இல் கணக்குச் செயலிக்கு இன்னொரு டாம்கேட். உலாவி பேசுவது அப்பாச்சியோடு மட்டும்தான். கோரிக்கையை வாங்கி, உரிய டாம்கேட்டிடம் கேட்டு, வந்த பதிலைத் தன் பதிலாகவே அப்பாச்சி திருப்பித் தரும். இந்த வேலையைச் செய்வதுதான் ரிவர்ஸ் ப்ராக்ஸி.

ப்ராக்ஸியின் வேர் லத்தீன். 'புரோ' என்றால் சார்பாக, 'குராரே' என்றால் கவனித்தல். பிறர் சார்பில் காரியம் பார்ப்பதை ஆங்கிலத்தில் 'புரோகுரசி' என்றார்கள். அது தேய்ந்து ப்ராக்ஸி ஆனது. வகுப்புக்கு வராத நண்பனுக்காக 'ப்ராக்ஸி கொடுப்பது' என்று நம் கல்லூரிகளில் சொல்வதும் இதே பொருளில்தான்.

குழப்புவது 'ரிவர்ஸ்'. இங்கே எதுவும் பின்னோக்கி ஓடுவதில்லை; யார் சார்பில் என்பது மட்டும் மாறுகிறது. அலுவலக உலாவிகளுக்காக வெளியே போய் வரும் ஸ்குவிட் போன்ற ப்ராக்ஸி பயனர் பக்கத்து ஆள். ரிவர்ஸ் ப்ராக்ஸி வழங்கி பக்கத்து ஆள். இந்த வேறுபாடு புரியாதவர்கள் அப்பாச்சியில் 'ப்ராக்ஸிரிக்வெஸ்ட்ஸ்' என்ற அமைப்பை ஆன் செய்துவிடுகிறார்கள். அது பயனர் பக்க ப்ராக்ஸிக்கு உரியது. அணுகலைக் கட்டுப்படுத்தாமல் ஆன் செய்தால் ஊரில் எவரும் உங்கள் வழங்கி வழியாக எங்கும் போகலாம். இயல்பாகவே ஆஃபில் இருப்பதைத் தொட வேண்டியதில்லை.

தமிழில் 'எதிர்ப் பதிலி', 'தலைகீழ்ப் பதிலி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதலாவது எதிரியின் ஆள் போல ஒலிக்கிறது. இரண்டாவது ஆங்கிலக் குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்கிறது. எச்டிடிபி வரையறையே இதற்கு 'கேட்வே' என்ற பெயரையும் தருகிறது. 'பேட் கேட்வே' (502), 'கேட்வே டைம்அவுட்' (504) பிழைகளில் வரும் கேட்வே இதுதான். ஆகவே 'வாயிற்பதிலி' பொருந்தும். தமிழில் வாயில் என்பது கதவு மட்டுமன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது நடக்கும் தோழி, பாணன், விறலி முதலானோரைத் தொல்காப்பியக் கற்பியல் 'வாயில்கள்' என்றே பட்டியலிடுகிறது. தூதாக வந்தவரை ஏற்காமல் திருப்பும் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறையே உண்டு. 'சேவை இப்போது இல்லை' என்னும் 503 பிழைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்க முடிவது மெய்நிகர் ஓம்பிகளால், அதாவது விர்ச்சுவல் ஹோஸ்ட்களால். 1997இல் வந்த எச்டிடிபி 1.1, ஒவ்வொரு கோரிக்கையிலும் 'ஹோஸ்ட்' தலைப்பைக் கட்டாயமாக்கியது. அந்தப் பெயரைப் பார்த்தே அப்பாச்சி ஓம்பியைத் தேர்கிறது. பெயர் எதனோடும் பொருந்தாவிட்டால் கோப்பில் முதலில் உள்ள ஓம்பிக்குப் போய்விடும். ஒரு தளத்தைத் திறந்தால் இன்னொன்று வருகிறதா? முதலில் ஓம்பியின் தளப்பெயரைச் சொல்லும் 'சர்வர்நேம்' வரியைப் பாருங்கள்.

ஒவ்வோர் ஓம்பிக்குள்ளும் அதன் டாம்கேட்டைச் சுட்டும் 'ப்ராக்ஸிபாஸ்' வரி வேண்டும். பெரும்பாலான தொல்லை அதிலுள்ள சாய்கோட்டில் (/) தான். இடப்பக்கமுள்ள தளப் பாதை சாய்கோட்டில் முடிந்தால் வலப்பக்கமுள்ள டாம்கேட் முகவரியும் அப்படியே முடிய வேண்டும். விட்டால் போர்ட் எண்ணும் பாதையும் ஒட்டிக்கொண்டு '8080கடை' என்பது போன்ற முகவரி உருவாகும். பிழைப்பதிவில் டிஎன்எஸ் தேடல் தோல்வி என்று வரும். டிஎன்எஸ்ஸைக் குடைந்து பயனில்லை. 'ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ்' வரியும் தேவை. டாம்கேட் அனுப்பும் திசைமாற்றத் தலைப்பிலுள்ள உள்முகவரியை அது வெளிமுகவரியாக மாற்றும். தலைப்பை மட்டுந்தான், பக்கத்துக்குள் எழுதப்பட்ட இணைப்புகளைத் தொடாது. செயலிக்கு உண்மையான தளப்பெயர் தெரிய 'ப்ராக்ஸிபிரிசர்வ்ஹோஸ்ட்'டை ஆன் செய்ய வேண்டும்.

வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே வெறும் எச்டிடிபி என்றால் இன்னொரு சிக்கல். டாம்கேட் தன்னிடம் பாதுகாப்பற்ற இணைப்பு வந்ததாக எண்ணி எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்ப, அது மறுபடி எச்டிடிபியாகவே வந்து சேர, முடிவில்லாமல் சுற்றும். உலாவி எந்த நெறிமுறையில் வந்தது என்று சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ' தலைப்பை அப்பாச்சி தானாகச் சேர்ப்பதில்லை. நாம் சேர்த்து, டாம்கேட்டில் 'ரிமோட்ஐபிவால்வ்' வைத்து அதைப் படிக்கச் செய்ய வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் என்றால் 8080ஐ மட்டும் மாற்றினால் போதாது. நிறுத்தும் போர்ட்டான 8005உம் மோதும். டாம்கேட் எழுந்த பிறகும் சிறிது நேரம் 503 வந்தால் பதற வேண்டாம். ஒருமுறை இணைப்பு மறுக்கப்பட்டால் அப்பாச்சி 60 விநாடிக்குப் பிறகே மறுபடி முயலும். ரெட் ஹாட் குடும்ப லினக்ஸில் பிழைப்பதிவு 'பர்மிஷன் டினைட்' என்றால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கில் அப்பாச்சி வெளியே இணைப்பதற்கான அனுமதி அடைத்திருக்கும்.

அப்பாச்சியும் டாம்கேட்டும் பேச, 8009இல் இயங்கும் ஏஜேபி என்ற நெறிமுறை வழியும் உண்டு. 2020இல் அதில் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததிலிருந்து, 9.0.31 பதிப்பு முதல் டாம்கேட் அந்த வழியை இயல்பாக மூடியே வைக்கிறது. புதிதாக அமைப்பவருக்கு எச்டிடிபியே போதும், அதையும் அதே கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1இல் மட்டும் கேட்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் வாயிலைச் சுற்றிக்கொண்டு நேரே 8080க்கு வந்துவிடுவார்கள்.