தடுப்பணை கேட்பதற்கு முன்: நீர்வடிப்பகுதித் திட்டத்தில் ஊரின் பங்கு

மழை பெய்து ஓடும் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேருகிறதோ, அந்த ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலம் மொத்தமும் ஒரு நீர்வடிப்பகுதி. மேட்டில் மண் அரித்தால் கீழே கட்டிய தடுப்பணை விரைவிலேயே தூர்ந்துவிடும். ஆகவே மத்திய அரசின் பாசனத் திட்டமான பிரதம மந்திரி கிருஷி சிஞ்சாயி யோஜனாவின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பிரிவில் வேலை முகட்டிலிருந்து இறங்கி வரவேண்டும்: முதலில் மேட்டில் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சமமட்ட அகழியும் கல் தடுப்பும் மரக்கன்றும், பிறகு வயலில் வரப்பு, பண்ணைக்குட்டை, கடைசியில்தான் ஓடையில் தடுப்பணை. கிராம சபையில் பெரும்பாலும் முதலில் எழும் கோரிக்கை தடுப்பணைதான். சிமெண்ட் கண்ணுக்குத் தெரிகிறது, அகழி தெரிவதில்லை.

அகழிக்குக் கோடு போடப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு கம்புகளைக் கூரை போலச் சேர்த்துக் கட்டி, இடையில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். கயிறு குறுக்குக் கம்பின் நடுக்குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். கருவியின் ஒரு காலை ஊன்றி, கயிறு நடுக்குறியில் நிற்கும்படி மறுகாலைச் சுழற்றி வைத்துக்கொண்டே சரிவில் நடந்து, கால் பட்ட இடங்களில் சுண்ணாம்பு இட்டால் போதும்.

2021-22 முதல் 2025-26 வரையிலான கட்டத்துக்கு நாடு முழுவதும் 49.5 லட்சம் ஹெக்டேர் இலக்கு. ஹெக்டேருக்கான செலவு சமவெளியில் 22,000 ரூபாய், மலை போன்ற கடினமான பகுதிகளில் 28,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் இந்தச் செலவில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 40 விழுக்காடு.

அலுவலர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கும் வேலை அல்ல இது. நீர்வடிப்பகுதிக் குழுவை அமைப்பது கிராம சபை. 2008-ஆம் ஆண்டின் பொது வழிகாட்டு நெறிகளின்படி குழுவில் குறைந்தது 10 பேர். அதில் பாதி சுய உதவிக் குழு, ஒரே வேலையால் பயன்பெறுவோரின் பயனாளர் குழு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரிடமிருந்து வரவேண்டும். மேட்டில் ஆடு மேய்ப்பவர் நிலமற்றவராக இருப்பார். அகழியும் கன்றும் நிலைப்பது அவர் சம்மதத்தில் இருக்கிறது. அவரை விட்டுவிட்டுப் போட்ட குழு காகிதத்தில்தான் குழு.

சொந்த நிலத்தில் மண், நீர்ப் பாதுகாப்பு வேலை நடந்தால், செலவில் குறைந்தது 10 விழுக்காடு உரிமையாளரின் பங்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளுக்கு 5 விழுக்காடு. பணமாகக் கொடுக்கலாம், உழைப்பாகவும் கொடுக்கலாம். இந்தத் தொகை அரசுக்குப் போவதில்லை. ஊரின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியில் சேர்கிறது. உழைப்பாகக் கொடுத்தால் அதன் மதிப்பையும் திட்டக் கணக்கிலிருந்து அந்த நிதிக்கு மாற்றவேண்டும். பலர் கேட்காமல் விடும் இடம் இதுதான். திட்டம் முடிந்த பிறகு பொதுச் சொத்துகளைப் பராமரிக்க இந்த நிதியில் குறைந்தது பாதியை ஒதுக்கவேண்டும். தனியார் நிலத்து வேலைகளின் பராமரிப்புக்கு இதிலிருந்து எடுக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் திட்டம் நடந்திருந்தால், அந்த நிதியின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே கேட்கலாம்.