இன்டர்வென்ஷன்: தலையீடா, இடையீடா?

ஆப்பிரிக்கச் செய்திகளில் 'இன்டர்வென்ஷன்' என்று வந்தால் நாம் கண்ணை மூடிக்கொண்டு 'தலையீடு' என்று எழுதிவிடுகிறோம், படிப்பவருக்கும் உடனே ராணுவ வண்டிதான் மனதில் ஓடுகிறது. இலத்தீன் மூலத்தில் 'இன்டர்' என்றால் இடையே, 'வெனிரே' என்றால் வருதல், அவ்வளவுதான். 'இன்டர்ஃபியரன்ஸ்' வேறு குடும்பம். ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைச் சொன்ன பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது.

இரண்டையும் தலையீடு என்றே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டமே சாட்சி. அதன் 4ஆம் பிரிவில், எந்த உறுப்பு நாடும் இன்னொன்றின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது ஓர் உட்பிரிவு, அங்கே வரும் சொல் 'இன்டர்ஃபியரன்ஸ்'. போர்க்குற்றமோ இனப்படுகொலையோ மானுடத்துக்கு எதிரான குற்றமோ நடந்தால் உள்ளே வர ஒன்றியத்துக்கு உரிமை உண்டு என்கிறது அதற்கு அடுத்ததே, அங்கே வரும் சொல் 'இன்டர்வீன்'. ஒன்றியத்துக்கு முன்னோடியாக 1963இல் தொடங்கிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தலையிடாமையைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளியது, ஒன்றியம் அதிலிருந்து விலகிய இடமே இதுதான், தமிழில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

அதனால் இன்டர்வென்ஷனுக்கு 'இடையீடு' என்பதே சரி, ராணுவம் இல்லாத வகைக்குப் 'படைசாரா இடையீடு'. புறநானூறு 45இல் சண்டையிட்ட சோழர்கள் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே புகுந்து, எதிரே நிற்பவனும் உன்னைப்போல ஆத்தி சூடியவன்தானே என்று கோவூர்கிழார் கேட்டது இதே வேலைதான். போரைத் தவிர்க்கச் சொல்லிச் சமாதானப்படுத்தும் அந்தப் பாடல் துறைக்குத் துணைவஞ்சி என்று பெயரே இருக்கிறது.

நல்ல எடுத்துக்காட்டு கென்யா. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சார்பில் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், மொசாம்பிக்கின் கிராசா மஷேல், தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் எம்காபா மூவரும் நைரோபியில் உட்கார்ந்து பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பிப்ரவரி 26 அன்று இரு தரப்புப் பேச்சுக் குழுக்களும் நகர மறுத்ததும் அன்னான் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு நேராக அதிபர் கிபாகியிடமும் எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவிடமும் போனார். அப்போது ஒன்றியத்தின் தலைவராக இருந்த தான்சானிய அதிபர் கிக்வெட்டேயும் வந்து சேர்ந்துகொள்ள, 28ஆம் தேதி அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. கிபாகி அதிபராகத் தொடர்ந்தார், ஒடிங்கா பிரதமரானார். ஒரு வெளிநாட்டுச் சிப்பாய்கூட வரவில்லை!

காம்பியா அப்படி இல்லை. 2017 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸின் படைகள் எல்லை தாண்டி நின்றபடி அவகாசம் கொடுக்க, கினி, மொரிட்டானிய அதிபர்கள் பேசித்தான், தேர்தலில் தோற்றும் பதவியைவிட மறுத்த அதிபர் ஜாமே நாட்டைவிட்டுப் போனார். அதைப் 'படைசாரா' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, வெறும் 'இடையீடு' போதும்.

அப்புறம் பொருளாதாரத் தடை. ஆய்வுகள் இதையும் படைசாரா வகையில்தான் சேர்க்கின்றன. 2023 ஜூலையில் நைஜரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் எகோவாஸ் தடை விதித்தது, நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது, இருளில் தவித்தவர்கள் சாதாரண மக்கள். ராணுவ ஆட்சியோ அசையவில்லை. 2025 ஜனவரியில் மாலி, புர்கினா ஃபாசோவோடு சேர்ந்து நைஜர் எகோவாஸைவிட்டே வெளியேறியது.