குளிர்கிடங்கில் 6535.6 டிகிரியா?

குளிர்கிடங்குகளின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுவது என் வேலை. புதிதாக வருபவர்களின் நிரலில் நான் முதலில் தேடுவது, அன்சைன்டு (குறைக்குறி இல்லாத) எண்ணைச் சைன்டு (குறைக்குறியும் ஏற்கும்) எண்ணாக மாற்றும் வரியைத்தான். பல நேரங்களில் அது இருப்பதே இல்லை.

இத்துறையில் ஏராளமான கருவிகள் மோட்பஸ் என்ற தொடர்பு நெறிமுறை வழியாகப் பேசுகின்றன. அதில் ஒரு ரெஜிஸ்டர், அதாவது ஓர் அளவு வரும் இடம், என்பது 16 பிட், அவ்வளவுதான். அந்த எண் குறைக்குறி கொண்டதா இல்லையா என்பது கருவியின் கையேட்டில் மட்டுமே இருக்கும். கருவி −18.0 டிகிரியைப் பத்தால் பெருக்கி −180 என்று அனுப்புகிறது. 16 பிட்டில் குறை எண் 65536ஐக் கூட்டிய வடிவில்தான் இருக்கும்; நம் நிரலோ அதே பிட்டுகளை 65356 என்று படித்து, பத்தால் வகுத்து, 6535.6 என்று காட்டுகிறது.

மேசையில் சோதிக்கும்போது இது தெரியாது. அறையின் 30 டிகிரி, 300 என்றுதான் வரும். எப்படிப் படித்தாலும் 300தான்.

6535.6 என்று திரையில் வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். நான் அஞ்சுவது, "100க்கு மேல் வந்தால் பழைய அளவையே வைத்துக்கொள்" என்று எழுதப்படும் வடிகட்டிக்குத்தான். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. உறைந்தால் வீரியம் போய்விடும். −0.5 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஒரு மணி நேரம் இருந்தால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. தடுப்பூசிப் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் நிரல் 0.0இல் நின்றுவிட்டால், அந்த எச்சரிக்கை ஒலிக்கவே ஒலிக்காது. தயவுசெய்து இப்படி ஒரு வடிகட்டியை யாரும் எழுதாதீர்கள்.

மாற்றுவது எளிது. சி மொழியில் 16 பிட் சைன்டு வகைக்கு மாற்ற வேண்டும்; வெறும் இன்ட் என்று மாற்றினால், அது பெரும்பாலும் 32 பிட் என்பதால், 65356 அப்படியே தங்கிவிடும். பைதான் எண்ணுக்கு பிட் வரம்பே கிடையாது. 32768 அல்லது அதற்கு மேல் வந்தால் நாமே 65536ஐக் கழிக்க வேண்டும். இரண்டு ரெஜிஸ்டர்களில் வரும் 32 பிட் எண்ணை முதலில் சேர்த்துவிட்டு, பிறகே மாற்ற வேண்டும். தனித்தனியாக மாற்றிச் சேர்த்தால், கீழ்ப்பாதி ரெஜிஸ்டர் 32768 அல்லது அதற்கு மேல் இருக்கும்போதெல்லாம் கணக்கு 65536 குறைந்துபோகும்.

இன்னொன்று: உணரியின் கம்பி அறுந்தால் சில கருவிகள் 65535 என்று அனுப்பும். மாற்றுவதற்கு முன்பே அதைப் பிடிக்க வேண்டும். மாற்றிவிட்டால் அது −0.1 டிகிரி, யாரும் சந்தேகப்படாத அளவு.