டி டிரைவ் தனி டிஸ்க் இல்லை

"பேக்கப் எடுத்துட்டுத்தான் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன் அண்ணே."

எங்கே எடுத்தாய்?

"டி டிரைவ்ல."

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் எனக்கு இந்தப் பதில் அலுத்துவிட்டது. இந்த முறை போனது, அந்தத் தம்பியின் அப்பச்சி பல வருடமாக எக்செல்லில் ஏற்றி வைத்திருந்த கோயில் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பவாரிக் கணக்கு. ஹார்ட் டிஸ்க் என்பதால் கொஞ்சம் மீண்டது, அதுவும் ஃபைல் பெயர்கள் இல்லாமல். டிரிம் (அழித்த இடத்தைத் துடைத்துவிடும் வசதி) ஓடிய எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் கையை விரித்திருப்பேன்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மெஷின் பலவும் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. லுபுண்டு மாதிரி லேசான லினக்ஸ் 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் லினக்ஸ் இன்ஸ்டாலரில் வரும் 'எரேஸ் டிஸ்க்' என்ற வரியைத் தட்டும் முன் நில்லுங்கள். "சி-யில இருக்கிற விண்டோஸ் மட்டும்தானே அழியும்?" இல்லவே இல்லை. பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரே டிஸ்க். அதைப் பிரித்து சி, டி, ஈ என்று பெயர் வைத்திருப்பது விண்டோஸ். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் சேர்ந்து ஒரே வீடு. வீட்டையே இடிக்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் கட்டில் வைத்த பெட்டகத்தைத் தேடினால்? லினக்ஸ் இன்ஸ்டாலரில் சி-யும் இல்லை, டி-யும் இல்லை. எஸ்டிஏ (sda) என்றால் முழு டிஸ்க். எஸ்டிஏ1, எஸ்டிஏ2 அதன் துண்டுகள். அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். 500 ஜிபி டிஸ்க் சில திரைகளில் 465 என்று வரும். குழப்பமா? அங்கேயே நிறுத்துங்கள்.

பேக்கப் என்றால் வேறொரு டிஸ்க். எடுத்தபின் கழற்றி, இன்னொரு கம்ப்யூட்டரில் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். லினக்ஸை ஏற்றும் பென்டிரைவில் இருப்பதும் அழிந்துவிடும். பாமினியில் அடித்த பழைய ஃபைல் இருந்தால் அந்த எழுத்துருவையும் காப்பி எடுங்கள், இல்லாவிட்டால் கிறுக்கலாகத்தான் தெரியும். டேலி (விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள்) ஓடும் கடை மெஷினைத் தயவுசெய்து தொடாதீர்கள். அப்புறம், முதலில் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

தவறி அழித்துவிட்டீர்களா? உடனே ஆஃப் செய்யுங்கள். ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்காதீர்கள். பேக்கப் எடுக்க டிஸ்க் இல்லையென்றால் கடைக்கு வாருங்கள், இரவல் தருகிறேன்.