கடற்கழுகுக்கும் காத்து வேணும், காற்றாலைக்கும் காத்து வேணும்

வெயில் ஏறினாப் பிறகு மட்டக்களப்பு வாவிக்கு மேல வட்டம் போடுற வெண்வயிற்றுக் கடற்கழுகைக் கண்டிருப்பீங்க, தலையும் வயிறும் வெள்ளை, இறக்கையை விரிச்சா ரெண்டு மீற்றர் வரும், ஆனா அந்த இறக்கையை அடிக்கிறதே குறைவு. தரை சூடாகி மேல எழும்புற காத்துக்குள்ள நிண்டா அது சும்மாவே உயரம் போயிடும். மேட்டுச்சரிவில முட்டி மேல திரும்புற காத்தும் அப்படித்தான் தூக்கும்.

காற்றாலை போடுறவங்க தேடுறதும் நல்ல காத்து அடிக்கிற இடத்தைத்தான். வேகம் ரெண்டு மடங்கானா காத்தில இருக்கிற சக்தி எட்டு மடங்காகும், அதால கரையையும் மேட்டையும் விட்டுட்டு வேற இடத்துக்கு லேசில போகமாட்டாங்க. மன்னார்ல ஏற்கனவே 30 காற்றாலை நிக்குது, 103.5 மெகாவாட். நாளைக்கு வாகரைக்கோ பொத்துவிலுக்கோ வந்தா வரட்டும், எனக்கு காற்றாலை வேணும், டீசலும் நிலக்கரியும் எரிச்சு கரண்ட் எடுக்கிறதை விட இது எவ்வளவோ மேல். ஆனா எங்க நடுறது எண்டதுலதான் எல்லாம் கிடக்கு.

இவ்வளவு கூர்மையான கண் உள்ள பறவை ஏன் காற்றாலையில போய் அடிபடுது? இரை தேடும்போது கழுகு தலையைக் குனிஞ்சு கீழ பாக்கும், அந்த நேரம் முன்னுக்கு என்ன வருது எண்டு வடிவாத் தெரியாது. மற்றது, காற்றாலை தூரத்தில மெதுவாச் சுத்துற மாதிரித்தான் கிடக்கும், ஆனா இறக்கை நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கும் மேல போகும், கிட்டப் போனா வீட்டு ஃபேன் இறக்கை மாதிரி கலங்கி மறைஞ்சு போகும். நோர்வேயில ஸ்மோலா தீவில 4 காற்றாலைக்கு ஒரே ஒரு இறக்கையை மட்டும் கறுப்பாக்கிப் பாத்தாங்க, பறவை சாவு 70 வீதத்துக்கு மேல குறைஞ்சது. நாலே நாலு காற்றாலைதான், அதை வைச்சு எல்லாத்தையும் முடிவெடுக்க ஏலாது, ஆனா விட்டுடக்கூடிய விஷயமும் இல்ல.

கழுகு வாறதைக் கமரா கண்டுபிடிச்சு காற்றாலையை நிப்பாட்டுற முறையும் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில வாற கழுகு ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஒரு நிமிசம் கொஞ்சம் மேல. காற்றாலையின்ட இவ்வளவு பெரிய இறக்கை உடன நிக்காது, அதுக்கும் நேரம் வேணும். அந்த ஒரு நிமிசத்துக்குள்ள கண்டு, கழுகுதானா எண்டு பிரிச்சு, மறுகா நிப்பாட்டவும் வேணும். கூட்டுக்குப் பக்கத்தில காற்றாலை நிண்டா அந்த நேரமே கிடைக்காது.

அதோட கடற்கழுகு ஒரு தடவைக்கு ரெண்டு முட்டைதான் இடும், அதிலயும் அனேகமா ஒரு குஞ்சுதான் தப்பும், அது வளந்து சோடி சேர வருசக்கணக்காகும். வளந்த கழுகு ஒண்டு செத்தா அந்த இடத்தை நிரப்ப அவ்வளவு காலம் போகும். கூட்டைச் சுத்தி ஒரு வட்டம் கீறி விட்டா போதும் எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை, கழுகு வட்டத்துக்குள்ள இருக்காது, மரத்துக்கும் தண்ணிக்கும் நடுவில மீனும் கடல்பாம்பும் தூக்கிட்டு வழக்கமான பாதையில போய்வரும், காப்பாத்த வேண்டியது அந்தப் பாதையையும் சேர்த்துத்தான்.

நல்ல காலம், அது அதே கூட்டுக்கு வருசா வருசம் திரும்பி வந்து குச்சி சேர்க்கிற பறவை, அதால தேடிப் பிடிக்கிறது லேசு. வாவியில வலை போடுறவங்களிட்டக் கேளுங்க, எந்த மரத்தில கூடு, எந்தப் பக்கத்தால மீனோட திரும்பும் எண்டு கை நீட்டிக் காட்டுவாங்க. அதை மெப்பில கீறின பிறகுதான் காற்றாலைக்குக் குழி தோண்டுற இடத்தைக் குறிக்கணும்.